தென்கடல் அலையும் அறுகம் குடாவும்



அக்கரைப்பற்றுச் சந்தியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, ஆலையடிவேம்பைத் தாண்டிப் போகும் வண்டிகளை ஏப்பிரல் மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரை சிறிது உற்று நோக்கினால் ஒரு வேடிக்கை புலப்படும். நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்களுக்கும் மீன் பெட்டி கட்டிய சைக்கிள்களுக்கும் இடையே, கூரைமேல் நீண்ட பலகைகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு முச்சக்கர வண்டிகள் ஓடும். உள்ளே வெயிலில் சிவந்த முகத்துடன் அயல் நாட்டார் இருவர் மூவர் இருப்பர். அவர்கள் வயல் பார்க்க வந்தவர்களல்லர். கோவில் பார்க்க வந்தவர்களுமல்லர். அவர்கள் நாடி வந்தது அலையை. பொத்துவிலுக்குத் தெற்கே உல்லைக் கிராமத்தை அடுத்துள்ள அறுகம் குடாவில், பலகைமேல் நின்று அலையின் தோளில் சறுக்கி வருவதற்காகவே அவர்கள் கடல் கடந்து வருகின்றனர்.

இவர்களுள் அவுஸ்திரேலியர் எப்பொழுதும் கணிசமாக உண்டு. அதுதான் நமக்கு வியப்பு. முப்பதாயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கரையோரத்தை உடைய நாடு அவுஸ்திரேலியா. அந்நாட்டு மக்களுட் பெரும்பாலோர் கடலோர நகரங்களிலேயே வாழ்கின்றனர். வேலை முடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடக்கக்கூடிய வாழ்வு அவர்களுடையது. அத்தகையோர் தம் கடலை விட்டு நம் கடலைத் தேடி வரவேண்டிய காரணம் யாது? அறுகம் குடாவின் அலைக்கு அப்படி என்ன தனிச்சிறப்பு? இவ்வினாக்களை விசாரிக்கப் புகின், நம் கரையைப் பற்றி நாமே அறியாத சில செய்திகள் வெளிப்படும். நம் உயிரைக் காக்கவல்ல ஒரு செய்தியும் அவற்றுள் உண்டு.

முதலில் வழியைச் சொல்லிவிடுவோம். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். இது கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து, பின்னர் வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடியும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாகும். தம்பிலுவிலும் திருக்கோவிலும் கடந்தபின் ஊர்கள் அருகும். சித்திர வேலாயுத சுவாமி கோவிலின் கோபுரம் கண்ணுக்கு மறைந்ததும் ஒரு பக்கம் பற்றையும் களப்பும், மறுபக்கம் மணல்மேடும் கடலோசையும். கோமாரியும் சங்கமன்கண்டியும் அவ்வழியிலேயே உள்ளன. இலங்கைத் தீவின் கிழக்குக் கோடி இந்தச் சங்கமன்கண்டி முனையே. அதாவது, இந்நாட்டில் ஞாயிற்றின் முதற் கதிர் படும் கரை இதுவெனலாம். இவ்வளவு பெருமையுள்ள முனையை அநேகர் பஸ் வண்டியில் உறங்கியவாறே கடந்துவிடுவது வழக்கம். அப்பால் பொத்துவில் நகர். நகரைக் கடந்ததும் களப்பின் குறுக்கே பாலம். பாலத்துக்கு அக்கரையில் உல்லை. அங்கே நிலம் ஒரு விரலை நீட்டினாற் போலக் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அந்த விரலின் வடபுறத்தில் வளைந்து கிடக்கும் கரையே அறுகம் குடா.

இனி அலையின் பிறப்பிடத்தைப் பார்ப்போம். கரையில் நின்று பார்ப்பவனுக்கு அலை அவ்விடத்துக் காற்றினால் எழுவது போலவே தோன்றும். சிற்றலைகளைப் பொறுத்தமட்டில் அது மெய். ஆனால் யூன், யூலை மாதங்களில் அறுகம் குடாவில் ஒழுங்கான வரிசையாய், ஒன்றுக்குப்பின் ஒன்றாய், நிதானத்துடன் வந்து உடைகின்ற பேரலைகள் நம் காற்றின் பிள்ளைகளல்ல. அவை பிறந்த இடம் பூமியின் தென்கோடி. இலங்கையின் தென்முனையில் நின்று நேர் தெற்கே பார்த்தால், அந்தாட்டிக்கா என்னும் பனிக்கண்டம் வரை இடையில் ஒரு தீவுதானும் இல்லை. அங்கே தென் அகலக்கோடு 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட கடலில், காற்றைத் தடுக்க மலையோ நிலமோ இன்றிப் புயல்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஓயாது சுழன்று செல்கின்றன. பழைய பாய்க்கப்பல் மாலுமிகள் அவற்றுள் 40 பாகை முதல் 50 பாகை வரையிலான அகலக்கோடுகளைக் கர்ச்சிக்கும் நாற்பதுகள் என அஞ்சி அழைத்தனர். நமக்கு வெயில் வாட்டும் யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்கள் அங்கே கடுங்குளிர்காலம். புயல்களின் வலிமை மிகுந்த காலமும் அதுவே.

அப்புயல் கடலைக் கலக்கும்போது பெரிதும் சிறிதுமாய்ப் பலவகை அலைகள் எழுகின்றன. சிறியவை விரைவில் மடிந்துபோகும். நீண்ட அலைகளோ புயலை விட்டு நீங்கி வடக்கே பயணம் புறப்படும். ஓர் அலை முடிக்கும் அடுத்த முடிக்கும் இடையே பதினாறு நொடி இடைவெளி உள்ள அலைத்தொகுதி ஒன்று ஒரு நாளில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் செல்லும். தென் அகலக்கோடு 50 பாகையிலிருந்து நம் கரைக்கு உள்ள தொலைவு ஆறாயிரம் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே இன்று உல்லைமுனையில் உடையும் அலை, சென்ற வாரம் ஆளரவமற்ற ஓரிடத்தில், பனிக்காற்றில் பிறந்த அலையாகும். இங்கே நீரே பயணஞ் செய்கிறது என்று நினைத்துவிடலாகாது. வயலில் காற்று வீசும்போது நெற்கதிர் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நின்று சாய்ந்து நிமிர, அசைவு மட்டும் வரம்புக்கு வரம்பு ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். கடலலையும் அவ்வாறே. நீர் தன் இடத்தில் வட்டமிட்டுச் சுழல்கிறது. ஆற்றல் மட்டுமே பயணஞ் செய்கிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்கக் கடலறிஞர் வால்ற்றர் மங்க் என்பாரும் அவர்தம் தோழரும் 1963ஆம் ஆண்டில் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் சமுத்திரத்தில் நிலையங்கள் அமைத்து, தென்கடற் புயலின் அலைகள் நிலையத்துக்கு நிலையம் நாள்கணக்காகப் பயணஞ் செய்து வடகோடிவரை போய்ச் சேர்வதை அளந்து காட்டினர்.

இதே புயல்களின் அலைகளே மேற்கு அவுஸ்திரேலியாவின் கரையையும் மோதுகின்றன. அங்கே புயல் அண்மையில் இருத்தலால் அலைகள் மிகப் பெரியன. குளிர்காலக் காற்றும் மழையும் சேர்ந்து அவற்றைக் குழப்பிவிடுவதும் உண்டு. நம் கரைக்கு அவை வந்து சேர்வதற்குள் முரடு நீங்கி, வரிசை கூடி, பதப்பட்டுவிடுகின்றன. வெள்ளமாய்ப் பாய்ந்த ஆறு வாய்க்காலில் இறங்கியதும் அடங்குவதைப் போன்றது இது. அங்கே நடுங்கும் குளிர். இங்கே இளஞ்சூடான நீர். அவுஸ்திரேலிய இளைஞன் இங்கு வருவதன் காரணத்திற் பாதி இப்போது விளங்கிவிட்டது.

மறு பாதியைச் சொல்லவேண்டுமானால் நம் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லியாகவேண்டும்.

கச்சான் என்றதும் நம்மவர்க்கு நிலக்கடலை நினைவுக்கு வரும். நான் கூறுவது காற்றை. மட்டக்களப்புத் தமிழகத்தில் பிறந்தோர் யாவரும் அறிந்த மேல்காற்று அது. தென்மேற்குப் பருவக்காற்று நீராவி சுமந்து வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகையில் மழையைக் கொட்டிவிடுகிறது. மழை பெய்யும் காற்று மேலேறும்போது ஆயிரம் மீற்றருக்கு ஐந்தாறு பாகையளவே குளிரும். ஈரமிழந்த அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை வரை சூடேறும். ஏறியபோது இழந்ததைவிட இறங்கும்போது பெறும் வெப்பம் அதிகம். ஆகையால் நுவரெலியாவில் குடை பிடிப்போர் நடுங்கும் அதே நாளில், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கதவு திறந்தால் அடுப்பு வாயில் நின்றதுபோல் முகம் எரியும். அல்ப்ஸ் மலையின் வடபுறத்தில் வீசும் போன் என்னும் காற்றும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உலகத்து வானிலை நூல்களிலும் கச்சான் என்ற சொல் நம் கரையின் பெயராலேயே இடம் பெற்றிருக்கிறது.

நம்மை வாட்டும் இந்தக் காற்று அலைக்கு நண்பன். கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரைநோக்கி வரும் அலையின் முகத்தில் அது எதிரே வந்து தடவி, மேற்பரப்பின் சிறு சுருக்கங்களை நீக்கி, அலை அவசரப்பட்டு விழாமல் நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. அதிகாலையில் கடல் கண்ணாடித் தகடுபோல் இருக்கும். நண்பகலுக்குப்பின் கடற்காற்று எழுந்தால் அந்த மெருகு குலைந்துவிடும். அதனாலேயே பலகைக்காரர் சேவல் கூவும் வேளையில் நீரில் இறங்குகின்றனர். சுபஹுத் தொழுகை முடித்து வருவோரும் அவர்களும் உல்லை வீதியில் எதிர்ப்படுவது வழக்கமான காட்சி.

கடலுக்கு அப்பால், இங்கிருந்து ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர் தொலைவில், இதே இந்து சமுத்திரத்தின் மறுகரையில் பேர்த் நகரமும் அதன் துறைமுகமான பிரிமாண்டிலும் இருக்கின்றன. அங்கும் கோடைக்காலத்துக் காலைகளில் பாலைநிலத்தின் வெங்காற்று கிழக்கிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அங்கும் அலைகள் காலையில் மெருகேறி நிற்கின்றன. நண்பகல் கடந்ததும் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த கடற்காற்று பிரிமாண்டில் துறை வழியாக நகருள் நுழைகிறது. வெப்பத்தால் தளர்ந்தோரைத் தேற்றும் அக்காற்றுக்கு அந்நகரத்தார் இட்டிருக்கும் பெயர் பிரிமாண்டில் டாக்டர்! அழைக்காமலே வீடுதோறும் வந்து கட்டணம் கேளாமற் போகும் வைத்தியர் வேறெந்த ஊரில் இருக்கிறார்?

பேர்த் நகரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியா சென்ற பழைய கப்பல்கள் முதலில் பிடித்த துறை பிரிமாண்டில்தான். 1950களிலும் 60களிலும் இந்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பறங்கியர் பலர் அவுஸ்திரேலிய மண்ணை முதன்முதலாகக் கண்டதும் அத்துறையிலேயே. 1829இல் அமைக்கப்பெற்ற இவ்விரு நகரங்களும் இன்று ஒன்றாய் வளர்ந்து இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இடமாகிவிட்டன. ஆயினும் அவசரம் அங்கு இன்னும் குடியேறவில்லை என்பர். சுவான் ஆற்றில் கருநிற அன்னங்கள் நீந்துகின்றன. அன்னம் வெள்ளை என்று பாடிய நம் புலவர்கள் பார்த்தால் திகைப்பர். வில்லியம் வீதியில் 1905ஆம் ஆண்டில் கட்டத்தொடங்கிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டப் போன ஆப்கானியரும், அவர்களோடு வணிகம் செய்த இந்திய முஸ்லிம்களும் தம் உழைப்பின் பணத்தால் எழுப்பியது அது. கரைக்கு எதிரே தெரியும் றொற்நெஸ்ற் தீவு இன்று விடுமுறைக்காரரின் உல்லாசத் தலம். அத்தீவில் 1838 முதற்கொண்டு ஆதிக்குடி மக்கள் சிறைவைக்கப்பட்டதும், நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டதும் உல்லாசப் பயணிகளின் படங்களில் தெரிவதில்லை. அமைதியாகத் தோன்றும் கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் கரையும் அதற்கு விலக்கன்று.

அறுகம் குடாவுக்கே மீள்வோம். தெற்கிலிருந்து வரும் அலை உல்லைமுனையை நெருங்கும்போது, முனையருகே ஆழம் குறைந்திருத்தலால் அதன் ஒரு முனை தயங்குகிறது. ஆழத்திலிருக்கும் மறுமுனை முந்துகிறது. எனவே அலை கதவுபோலத் திரும்பி முனையைச் சுற்றி வளைகிறது. வளைந்தபின் ஒரேயடியாய் இடிந்து விழாமல், முனையிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கரையோரமாய் உரிந்துகொண்டே செல்கிறது. வாழைமட்டையை ஒரு நுனியில் பற்றி உரித்தாற்போல என்று சொல்லலாம். உரிந்துவரும் அந்த விளிம்புக்குச் சற்று முன்னால் பலகையை நிறுத்திக்கொண்டவன் நூற்றுக்கணக்கான மீற்றர் சறுக்கிச் செல்லலாம். இத்தகைய முனைகள் இக்கரையில் வரிசையாக இருக்கின்றன. வடக்கே பொத்துவில் முனை, தெற்கே பாணமைக்குப் போகும் வழியில் யானைப்பாறை, அதற்கும் தெற்கே உகந்தை என ஒவ்வொன்றும் ஒரு தனி அலையை வளைத்துக் கொடுக்கிறது.

அலையை வளைக்கும் அதே முனைதான் அதன் மறைவில் உள்ள நீரை அமைதியாக வைத்திருக்கிறது. கரைவலைத் தோணிகளும் இயந்திரப் படகுகளும் ஏறி இறங்குவது அந்த மறைவிலேதான். ஆகவே மீனவனுக்கும் பலகைக்காரனுக்கும் ஒரே மூலை வேண்டியிருக்கிறது. வேடிக்கை பார்க்க வருவோர் இதை உணர்வதில்லை. படகு நிறுத்தும் மணலை விடுதிக்காரன் தன் நாற்காலிகளுக்குரியதென நினைக்கத் தொடங்கும்போது பூசல் எழுகிறது. முன்வந்தவன் மீனவன் என்பதை மறத்தல் நீதியன்று.

இப்பொழுது உயிரைக் காக்கும் செய்திக்கு வருகிறேன். பலகைமேல் நின்று சறுக்குவோரைக் கண்டு, இக்கடல் விளையாட்டுக் கடல் என்று கருதிக் குடும்பத்துடன் நீரில் இறங்கும் நம்மவர் பலர். பலகைக்காரன் கடலைப் படித்தவன். அவன் காலில் கயிற்றால் பிணைத்த பலகையும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அவ்விரண்டும் இல்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் அருகிலுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை வாரிச் சென்றது. அவ்விடத்தில் புயலில்லை, மழையில்லை. நாம் மேலே கண்ட அதே தென்கடலின் நீண்ட அலைகளே அன்று கரையேறின. மலையாளக் கரையிலும் தென் தமிழகத்திலும் மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர். காற்றின் முன்னறிவிப்பின்றிக் கள்ளனைப்போல் வருவதால் எழுந்த இப்பெயரை யுனெஸ்கோ நிறுவனம் 2012இல் அறிவியற் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் நிலையம் இத்தகைய அலைகளைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறது. அந்த மே மாதத்திலும் விடுத்திருந்தது. எச்சரிக்கை கரையில் நிற்பவன் காதை எட்டாவிட்டால் பயன் என்ன?

கள்ளக்கடல் ஒரு நாள் விருந்தாளி. நாள்தோறும் இருக்கும் ஆபத்து வேறொன்று. அலைகள் அடுக்கடுக்காய் வந்து கரையில் குவிக்கும் நீர் மீண்டும் கடலுக்குள் போயாகவேண்டும். அது மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள தாழ்ந்த பள்ளத்தைத் தேடி, ஒடுங்கிய ஆறுபோல வெளிநோக்கி ஓடுகிறது. இதை இழுவையோட்டம் என்போம். கடுமையான இழுவையோட்டம் நொடிக்கு இரண்டு மீற்றர் வேகம் கொள்ளும். உலகின் தலைசிறந்த நீச்சல்வீரனும் அதை எதிர்த்து வெல்லமாட்டான். இதில் கொடுமை யாதெனின், அந்தப் பள்ளத்தில் ஆழம் கூடுதலாகையால் அலைகள் அங்கே உடைவதில்லை. இரு பக்கமும் நுரை பொங்க, நடுவே ஒரு துண்டு நீர் மட்டும் அமைதியாய்த் தோன்றும். நீச்சல் அறியாத தாய், குழந்தைக்கு ஏற்ற இடம் அதுவென நினைத்துச் சரியாக அங்கேயே இறக்குவாள்.

அதில் அகப்பட்டவன் செய்யத்தகாதது கரையை நோக்கி முட்டி நீந்துதல். நீரோட்டம் எவரையும் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுசெல்கிறது. களைத்துப்போதலே மூழ்கடிக்கிறது. ஆதலால் பதறாமல் மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி உதவி கோரல் வேண்டும். வலுவிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்தை அடைந்தால் அங்குள்ள அலைகளே கரைசேர்க்கும். கரையில் நிற்பவர் ஒருவர்பின் ஒருவராய்க் குதிப்பதை விட்டு, வெற்றுப் போத்தற் கலன், பந்து, பலகை என மிதக்கக்கூடிய எதையேனும் எறிதல் வேண்டும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து இறந்த செய்திகள் நம் பத்திரிகைகளில் எத்தனை!

அவுஸ்திரேலியர் இந்த அறிவை இலவசமாகப் பெறவில்லை. சிட்னியில் பகலில் கடல் நீராடுதலே ஒரு காலத்தில் சட்டவிரோதம். 1902இல் மான்லிக் கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்னும் பத்திரிகையாளர் அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் நீராடித் தடையை மீறினார். தடை தளர்ந்ததும் கூட்டம் பெருகியது. கூடவே மரணமும் பெருகியது. 1907இல் கடற்கரைக் கழகங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ஊதியம் வாங்காத தொண்டர்களைக் காவலுக்கு நிறுத்தின. 1914-15 கோடையில் ஹவாய்த்தீவின் டியூக் கஹானமோக்கு மரப்பலகைமேல் நின்று அலையேறிக் காட்டியபோது அந்நாட்டு இளைஞர் அதில் மயங்கினர். 1938 பெப்ரவரி 6ஆம் நாள் பொண்டைக் கடற்கரையில் ஒரே வேளையில் ஏறத்தாழ 250 பேர் கடலுக்குள் இழுக்கப்பட்டனர். அன்று பல தொண்டர்கள் அங்கிருந்தமையால் ஐவர் தவிர மற்றையோர் யாவரும் மீட்கப்பட்டனர். 1967 டிசெம்பரில் அந்நாட்டுப் பிரதம மந்திரி ஹரல்ட் ஹோல்ற் தமக்குப் பழகிய கடற்கரையிலேயே நீந்தப் போய் மறைந்தார், அவருடல் கிடைக்கவேயில்லை. இன்று அங்கே காவலுள்ள கரைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டை நட்டு, அவற்றின் இடையே மட்டும் நீராடுவதைச் சிறு குழந்தையும் அறிந்திருக்கிறது. அக்கட்டுப்பாட்டின்மேல்தான் அவர்களுடைய ஓய்ந்த வாழ்வு நிற்கிறது. நம் கரையில் பலகைகளை இறக்குமதி செய்த வேகத்தில் கொடிகளையும் இறக்குமதி செய்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

அலையைப் பற்றிப் பேசுகையில் 2004 டிசெம்பர் 26ஐப் பேசாதிருக்க அம்பாறைக் கரையோர மக்களால் இயலாது. அன்று வந்தது காற்றின் அலையன்று. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பெயர்ந்ததனால் எழுந்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கரையை அடைந்தது. சாதாரண அலை சில நொடியில் எழுந்து விழும். அதுவோ பல நிமிடம் தொடர்ந்து உயர்ந்துகொண்டே வந்த நீர்ச்சுவர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் எனப் பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை. அறுகம் குடாப் பாலம் சிதைந்து, உல்லை துண்டிக்கப்பட்டது. புதிய பாலம் அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது.

பாலத்தைவிட நீண்டகாலம் பேசப்பட்டது வேறொரு விடயம். 2005இல் அரசாங்கம் கரையிலிருந்து ஓர் எல்லை வகுத்து, அதற்குள் வீடு கட்டலாகாது என்றது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பாதுகாப்பு என்பதே காரணம். சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. குடிசை இருந்த மணலில் மீனவன் திரும்பக் குடியேறலாகாது, விடுதி எழலாம் என்றால் மக்கள் கேட்டுக்கொண்டிருப்பரோ? அறுகம் குடாவிலும் மறுப்புக் குரல் எழுந்தது. அவ்வாண்டின் இறுதியளவில் எல்லைகள் தளர்த்தப்பட்டன. அலை எல்லோரையும் ஒன்றுபோலவே அடித்தது; எல்லைக்கோடு அவ்வாறு செய்யவில்லை என்பதே என் கருத்து.

இன்று உல்லையின் வாழ்வு பெரும்பாலும் அலைக்காலத்தை நம்பியே இருக்கிறது. அது எவ்வளவு மெல்லிய நூல் என்பது 2024 ஒக்ரோபரில் தெரிந்தது. அறுகம் குடாவில் உல்லாசப் பயணிகள் மீது தாக்குதல் நடக்கக்கூடுமென அமெரிக்கத் தூதரகம் ஓர் எச்சரிக்கை விடுத்ததும், நிறைந்திருந்த விடுதிகள் சில நாட்களில் வெறிச்சோடின. அதேவேளை, அலை தந்த நற்பேறுகளையும் மறைத்தலாகாது. நம்மூர்ப் பிள்ளைகள் உடைந்த பலகைகளைப் பொறுக்கிப் பழகி, இன்று வெளிநாட்டாருக்கே ஆசிரியராய் நிற்கின்றனர். 2018இல் பெண்களுக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகமும் அங்கு அமைந்தது. இலங்கையில் அத்தகையவற்றுள் அதுவே முதலாவது. மணற்கரையில் நின்று துணி நனையாமல் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே பெண்ணுக்கு அழகு என்றிருந்த ஊரில் இது சிறிய செய்தியன்று. வீட்டாரின் மறுப்பையும் அயலாரின் ஏச்சையும் தாண்டியே அவர்கள் நீரில் இறங்கினர்.

நேயர்களுள் அங்கு செல்ல விரும்புவோர்க்குச் சில வார்த்தை. யூலை மாதத்தில் செல்வீர்களாயின் ஒரே வீதியில் இரு வகை யாத்திரிகரைக் காண்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் காவியுடையும் வேலும் தாங்கிக் கதிர்காமத்துக்கு நடந்து செல்வோர், திருக்கோவிலையும் பொத்துவிலையும் கடந்து பாணமை வழியாக உகந்தை முருகனை வழிபட்டுக் காட்டினுள் புகுவர். அவர்கள் வெறுங்காலுடன் தெற்கே நடக்க, அவர்களைக் கடந்து பலகை ஏற்றிய வண்டிகளும் தெற்கே ஓடும். உல்லையின் முஸ்லிம் உணவுக்கடைகளில் இரு சாராரும் தேநீர் அருந்துவர். ஊருக்குள் நடக்கும்போது ஊராரின் உடைவழக்கத்தை மதித்து நடத்தல் நன்று. வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் அடைத்திருந்தால் முகஞ்சுளிக்கலாகாது. குளிக்க விரும்பினால் முனைக்கு அப்பால் திறந்த கடலுக்குப் போகாது, மறைவான மூலையில், படகு வலிப்போருக்கு இடைஞ்சலின்றி இறங்கவும். எந்த இடம் இழுக்கிறது என்று அங்கிருக்கும் மீனவரைக் கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே கையால் காட்டுவார்.

ஒக்ரோபர் கழிந்ததும் கச்சான் ஓய்ந்து வாடை எழும்பும். தென்கடற் புயல்களும் தணிந்திருக்கும். கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் வாடைக் காற்றில் அறுகம் குடாவின் அலை கலங்கி, வரிசை குலைந்துபோகும். பலகைக்காரர் மூட்டை கட்டி மேற்குக் கரைக்கு, இக்கடுவைப் பக்கம் போய்விடுவர். அங்கே அப்பொழுதுதான் நல்ல காலம் தொடங்கும். பெருமழையில் களப்பு நிறைந்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கும். வாடகைப் பலகைக் கடைகளின் கதவடைத்தோருள் சிலர் வலை பொத்தப் போவர். சிலர் ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்களில் பெரும்போக விதைப்புக்கு ஆள் தேடுவார்களென்று வடக்கே பஸ் ஏறுவர்.